அத்தை தாங்கிய ஐந்தரைக் கிலோ

டாக்டரம்மா முதல் தடவை என் கடைக்கு வந்தபோது கையில் தராசு எதுவும் இல்லை. தராசு ரிப்பேர் கடைக்குத் தராசு இல்லாமல் வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று வழி கேட்பவர்கள், இன்னொன்று தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பவர்கள். இவரைப் பார்த்தால் இரண்டும் மாதிரி தெரியவில்லை. ஸ்கூட்டரை வெயிலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மேசை மேல் ஒரு காய்கறிக் கடையின் மின்தராசு இருந்தது. நான் அப்போதுதான் அதைச் சரிபார்த்து முடித்திருந்தேன். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், வலது கட்டைவிரலைத் தட்டின் நடுவில் ஊன்றி அழுத்தினார். எண் ஓடி இரண்டு கிலோ அறுநூறில் நின்றது. விரலை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அழுத்தினார். மூன்று கிலோ நூறு. மூன்றாம் தடவை ஒன்று எழுநூறு. கண்ணைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்தபோது அவர் முகம் விழுந்துவிட்டது.

"மூணு தடவையும் ஒண்ணு போல அமுக்குனதாத்தான் நினைச்சேன் அண்ணாச்சி. இந்த விரலை நம்பித்தான் நான் வைத்தியம் பாக்கேன்."

உங்களுக்கு அவரைச் சரியாக ஞாபகம் இருக்காது. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். இலஞ்சியில் பிறந்து வளர்ந்தவர், தென்காசியில் ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்து, கழுத்து வலி, தோள் வலி, முட்டு வலி என்று வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி, பிசியோதெரபிஸ்ட்டு" என்று ஒரு மாதம் என்னைத் திருத்திப் பார்த்தார். என் வாயில் அந்தச் சொல் நுழையாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் எடை என்றால் எனக்குப் பயம் கிடையாது. கிராம் தராசிலிருந்து லாரி ஏறும் எடைமேடை வரைக்கும் பிரித்துப் போட்டுச் சேர்த்திருக்கிறேன். அதனால் அவர் கேட்டதைக் கேட்டதும், முடியும் என்றுதான் முதலில் சொன்னேன். எப்படி என்று பிறகுதான் யோசித்தேன்.

அவர் கேட்டது இதுதான். ஒரு ஆளுடைய தோளில் ஒரு புள்ளியில் மெதுவாக அழுத்திக்கொண்டே போனால், வெறும் அழுத்தமாக இருப்பது ஓர் இடத்தில் வலியாக மாறும். அந்த இடம் எத்தனை கிலோவில் வருகிறது என்று தெரிய வேண்டும். நல்ல தோளில் அது மூன்றோ நாலோ கிலோவில் வரும் என்றால், கெட்டுப்போன தோளில் சீக்கிரமே வந்துவிடும். வைத்தியம் பார்க்கப் பார்க்க அந்த எண் மேலே ஏறினால் ஆள் தேறுகிறார் என்று அர்த்தம். இதற்கு வெளிநாட்டில் செய்த கருவி இருக்கிறது. அந்த விலைக்கு இங்கே ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கலாம் என்றார். அவருடைய மாடிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பீடி சுற்றுகிற பெண்கள். மடியில் முறம் மாதிரியான சொளவை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே இருப்பவர்கள். அவர்களுக்கு எலும்பு முறிந்திருக்காது, வீக்கம் இருக்காது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. "வலிக்குன்னு சொன்னா வீட்டுல நம்பணுமே அண்ணாச்சி. ஒரு நம்பர் இருந்தா எழுதிக் குடுத்திருவேன். தாள்ல எழுதுனா நம்புவாங்க."

அவர் அதைச் சொன்னபோது எனக்கு உங்கள் அத்தை ஞாபகம்தான் வந்தது. வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்த என் ஒரே தங்கை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றுகிறவள். ஒன்றிரண்டு வருடமாக வலது தோள் வலிக்கிறது, ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார், "வேலைக்குச் சொணங்குனா தோள்பட்டை வலிக்கும், சீரியல் போட்டா சரியாயிரும்" என்பார். அவர் சொன்னது இருக்கட்டும். நான் என்ன சொன்னேன் என்று உங்களிடம் மறைக்கக் கூடாது. "எல்லாருக்குந்தான் வலிக்கும், தைலம் தேயி" என்றுதான் நானும் சொல்லியிருந்தேன்.

கருவி செய்ய ஒன்றரை மாதம் பிடித்தது. தொங்கவிடுகிற ஸ்பிரிங் தராசு இழுத்தால்தான் காட்டும், எனக்கு வேண்டியது தள்ளினால் காட்டுவது. ஒரு பித்தளைக் குழாய்க்குள் ஸ்பிரிங்கைப் போட்டு, பழைய பிரிண்டரில் கழற்றிய வழுவழுப்பான எஃகுத் தண்டை அதற்குள் இறக்கினேன். தண்டின் நுனியில் உடம்பில் படுகிற ரப்பர் வட்டம். அது சரியாக ஒரு சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கணக்குப் போட்டால் குறுக்களவு பதினொன்றேகால் மில்லிக்குக் கொஞ்சம் கூட. ரப்பர் செருப்பில் வெட்டியது அழுத்தும்போது பிதுங்கியது. ஊன்றுகோலுக்கு அடியில் போடுகிற கெட்டி ரப்பர்க் குப்பியை வெட்டித் தேய்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். தண்டோடு போகிற முள்ளுக்கு முன்னால் ஒரு சின்ன வளையம். முள் அதைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வரும். கையை எடுத்த பிறகும் எத்தனை கிலோ வரை போனது என்று பார்த்துக்கொள்ளலாம். முத்திரை குத்திய எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிக் கோடு போட்டேன். பத்துக் கிலோ வரைக்கும் ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

எண்களைச் சிவப்புப் பெயின்ட்டில், பெரிதாக, அழுத்தப்படுகிற ஆளுக்குத் தெரிகிற பக்கமாக எழுதினேன். இதை இங்கே நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு இங்கேதான் நடந்தது. எங்கள் தொழிலில் எண், வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தராசைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிற கடைக்காரரைப் பார்த்தால் நானே சண்டைக்குப் போவேன். அந்தப் பழக்கத்தில், நோயாளிதானே இங்கே வாடிக்கையாளர் என்று நினைத்து, நேர்மையாகச் செய்கிறேன் என்று நினைத்து, அந்தப் பக்கம் எழுதினேன். டாக்டரம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அழகாக இருக்கிறது என்றார்.

குற்றாலத்தில் அப்போது சீசன். மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. சாரலில் நனைந்துகொண்டே கருவியை அவனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவனிடம் வந்திருந்த ஆம்பிளைகளின் முதுகில் வைத்துப் பார்ப்பதற்காக. எண்ணெய்க்கு உட்கார்ந்தவர்களுக்கு ஒரே குஷி. ஒருத்தர் ஆறு கிலோவில் போதும் என்றார். அடுத்தவர் எண்ணைப் பார்த்துக்கொண்டே, "அவரு ஆறா? நமக்கு ஏழு வை" என்றார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒருத்தர் எட்டரை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, எழுந்து நின்று மீசையைத் தடவினார். முள் மக்கர் பண்ணாமல் ஏறியதைப் பார்த்து எனக்கும் மீசை தடவத் தோன்றியது. கூட்டாளி மட்டும் சிரித்தான்.

"ஏலே, இவனுவ வாயக் கேட்டா அமுக்குத? நான் எவன் வாயையும் கேக்க மாட்டேன். காலு பெருவிரலப் பாப்பேன். வலிச்சா அது மடங்கும். வாய்க்கு மானம் உண்டு, பெருவிரலுக்கு ஏது?"

"உன் தொழில நீ பாரு, என் தொழில நான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நோயாளியாக உங்கள் அத்தையைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்பது ஒரு காரணம். அண்ணன் என்ன செய்திருக்கிறான் என்று அவள் பார்க்கட்டும் என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. அவள் மாமியாரோடு வந்தாள். எங்கே போனாலும் மாமியாரும் கூட வருவார், அது அந்த வீட்டு வழக்கம். டாக்டரம்மா அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, பொறுமையாகச் சொன்னார். "அக்கா, வலி ஆரம்பிச்ச உடனே சொல்லிறணும். தாங்கிக்கிட்டு இருக்கக் கூடாது. என்ன?"

"சரிம்மா" என்றாள்.

நான் கருவிக்குப் பக்கத்திலேயே நின்றேன். முள் ஒன்றைத் தாண்டியது. இரண்டைத் தாண்டியது.

"வலிக்காக்கா?"

"இல்லம்மா."

மூன்று. நாலு. "இப்ப?"

"நீங்க அமுக்குங்கம்மா. ஒண்ணும் இல்ல."

ஐந்தரை வந்தபோது "போதும்மா" என்றாள், பந்தியில் இலைக்கு மேல் கையைக் காட்டுகிற மாதிரி. நல்ல தோளாகிய இடது தோளில் வைத்தார் டாக்டரம்மா. அங்கேயும் சரியாக ஐந்தரையில் "போதும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணு போல நிக்கி! ஒரு கோடு பிசகல!" என்று சத்தமாகச் சொன்னேன். அதோடு வாயை மூடியிருந்தாலும் பரவாயில்லை. "ரெண்டு தோளும் ஒண்ணுதான். பயப்பட ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா" என்றும் சொன்னேன்.

டாக்டரம்மா முகம் சுருங்கிவிட்டது. "இருங்க ஆச்சி, ஒரு நாள்ல முடிவு சொல்ல முடியாது. இன்னொரு தடவ பாக்கணும்" என்றார். ஆச்சி என்று அவர் கூப்பிட்டது மாமியாரை. மாமியார் அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இன்னும் என்னம்மா பாக்கணும்? மிஷினே சொல்லிட்டு. அதுவும் இவ அண்ணன் செஞ்ச மிஷினு, இவளுக்கு ஓரவஞ்சனையா பண்ணும்? வா ஏட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

உங்கள் அத்தை படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் அதைப் பெருமைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து டாக்டரம்மா கொடுப்பதாக இருந்த பயிற்சிக்கு அவள் வரவில்லை. நல்ல தோளுக்கு எதற்குப் பயிற்சி என்று வீட்டில் முடிவு பண்ணிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் வாசுதேவநல்லூரில் ஒரு அரிசிக் கடைக்கு வேலையாகப் போனேன். முடித்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். மாமியார் ரேஷனுக்குப் போயிருந்தார். அவள் சுவரோரம் சொளவோடு உட்கார்ந்திருந்தாள். நூல்கண்டு வலது பக்கம் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. கையை நீட்டி எடுக்க வேண்டியதை, இடுப்போடு மொத்த உடம்பையும் திருப்பி, இடது கையால் எடுத்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முந்தானை விலகியபோது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வட்டமாக ஒரு காயம் தெரிந்தது. ஓரம் பச்சை, நடு நீலம். நான் அளவு எடுக்க வேண்டியதில்லை. எத்தனை மில்லி என்று எனக்குத் தெரியும். அந்த ரப்பரை உட்கார்ந்து தேய்த்தவனே நான்தான்.

"இது என்னட்டி?"

"எது? கொசு கடிச்சிருக்கும்."

"வாசுதேவநல்லூர்க் கொசு வட்டமாக் கடிக்குமோ? வலிச்சா ஏன் சொல்லல?"

"அவ்வளவு ஒண்ணும் இல்லண்ணே. இரு, டீ போடுதேன்" என்று உள்ளே போய்விட்டாள். டீச்சட்டியையும் இடது கையால்தான் எடுத்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, கூட்டாளி சொன்னது காதில் கேட்டது. அன்றைக்கு நான் பார்த்திருந்தேன் என்பதுதான் என்னைப் போட்டு அறுத்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கையின் வெறுங்கால் என் கண்ணுக்கு நேரே இருந்தது. முள் ஒன்றைத் தாண்டி இரண்டுக்குப் போவதற்குள் பெருவிரல் உள்பக்கமாக மடங்கிவிட்டது. ஸ்டூல் உயரமாக இருக்கிறது, கால் எட்டவில்லை போல என்று நினைத்துக்கொண்டு மறுபடி முள்ளைப் பார்க்கப் போய்விட்டேன். ஐந்தரை வரைக்கும் அது மடங்கியே இருந்தது.

மறுநாள் காலையில் மாடிக்குப் போய், கருவியை மேசையில் வைத்து, "இதை உடைச்சிருவோம் டாக்டரம்மா" என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எதுக்கு உடைக்கணும்? இது ஒழுங்காத்தான் எடை போட்டிருக்கு. ஆனா அண்ணாச்சி, நாம போட்டது வலியோட எடை இல்ல. மத்தவங்க முன்னால அக்கா எவ்வளவு நேரம் வாயத் தொறக்காம இருப்பாங்கங்கதோட எடை. நம்பர் வேற கண்ணு முன்னால எரியுது. பாஸ் மார்க்குன்னு நினைச்சிருப்பாங்க. ரெண்டு தோளும் ஒரே நம்பர்ல வந்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்." கருவியைக் கீழே வைத்துவிட்டு, "வாயால சொல்லச் சொல்லுதது நம்ம பொம்பளைங்களுக்கு ஆகாது. வேற ஏதாவது வழி உண்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு கடைக்கு நடந்து வந்தேன். வழியில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சைக்கிளில் சர்ரென்று குறுக்கே வந்து, என்னை இடிக்கப் போய், பிரேக்கைப் பிடித்தது. கத்தவில்லை, மணியடிக்கவில்லை. பயம் வந்ததும் கை தானாக இறுக்கிவிட்டது. அவ்வளவுதான். அன்று சாயந்திரமே ஒரு சைக்கிள் கடையில் பழைய பிரேக் பிடியும் கம்பியும் வாங்கிவிட்டேன். பிடி நோயாளியின் கையில் இருக்கும், மடியில், முந்தானைக்குள் வைத்துக்கொண்டால்கூடப் போதும். பிடியை இறுக்கினால் கம்பி ஒரு ரப்பர்க் கட்டையை இழுத்துத் தண்டைக் கவ்வும். முள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அழுத்துகிறவர் கைக்குத் தண்டு கட்டையாகிவிட்டது தெரியும், உடனே எடுத்துவிடலாம். சத்தம் கிடையாது. பக்கத்தில் நிற்பவருக்கு எப்போது பிடித்தார் என்பதே தெரியாது. எண்களைத் தின்னர் போட்டு அழித்துவிட்டு, அழுத்துகிறவர் பக்கமாகத் திருப்பி, சின்னதாகக் கறுப்பில் எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாங்குகிறவருக்குத் தெரியாத பக்கம் எண் எழுதினேன். கை கூசியது. ஆனால் எழுதினேன்.

கருவியைத் திருத்திவிட்டேன். தங்கையை எப்படித் திரும்பக் கூட்டி வருவது? மிஷினே நல்ல தோள் என்று சொல்லிவிட்ட வீட்டில் போய் மறுபடி என்ன சொல்வது? அதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மாமியார் வாசலில் இலைக்கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மிஷினு காட்டுனது தப்பு. நான் தப்பாச் செஞ்சுட்டேன். மறுபடி ஒரு தடவை வரணும்" என்றேன்.

தராசுக்காரன் ஒருத்தன் தன் தராசு தப்பு என்று இன்னொரு வீட்டு வாசலில் நின்று சொல்வது என்ன என்பது உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. எங்கள் தொழிலில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் கிடையாது. அவர் கையை உதறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ அஞ்சரைன்னு கூவுனியே?"

"அது கணக்குலயே சேராது."

"நல்ல மெக்கானிக்கு போ! இனிமே தென்காசி மார்க்கெட்ல வெண்டைக்கா வாங்குனாக்கூட நான் வீட்டுக்கு வந்து ஒரு தடவ நிறுத்துப் பாக்கணும் போல." தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னார். உள்ளே உங்கள் அத்தை சொளவைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை. அவர் இலைக்கட்டை நனைத்து முடித்துவிட்டு, போனால் போகிறது என்கிற மாதிரி, "புதன்கிழமை வருதோம். அன்னைக்கும் தப்பாக் காட்டிச்சுன்னா பஸ் டிக்கெட்டு நீதான் எடுக்கணும்" என்றார்.

புதன்கிழமை டாக்டரம்மா என்னை அறைக்குள் விடவில்லை. "நீங்க வெளிய இருங்க அண்ணாச்சி" என்றார். நான் செய்த கருவி, என் தங்கை, நான் ஏன் வெளியே இருக்க வேண்டும் என்று எனக்கு ரோஷம். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் மறுபேச்சுக்கு இடமில்லை. மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. "பயப்படாதீங்க அக்கா. ஒண்ணுமே சொல்ல வேண்டாம். கையில இருக்குற பிரேக்க மட்டும் பிடிச்சாப் போதும்" என்று டாக்டரம்மா சொல்வது கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. முதல் தடவை எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும், அதனால் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்றைத் தாண்டியிருக்கும் என்று நான் நினைக்கும்போதே டாக்டரம்மா "எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்றார். முள் நின்றது ஒன்றேகாலில் என்று பிறகு சொன்னார். மூன்று தடவை வைத்துப் பார்த்தார்கள், மூன்றும் ஒன்றேகாலைச் சுற்றியே நின்றன. இடது தோளில் மூன்று.

"என்ன சொல்லுது?" என்றது மாமியார் குரல்.

"நல்ல தோளுல பாதி தாங்க முடியல ஆச்சி. இந்தத் தோளு கெட்டுப் போயிருக்கு. வேலைய நிறுத்தி, வைத்தியம் பாக்கணும்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "எனக்கு வையி, பாப்போம். இவ அண்ணன்தான் மிஷின நம்பக்கூடாதுன்னு சொன்னான். எனக்கு ஒண்ணும் கெடையாது. எனக்கு எவ்வளவு காட்டுதுன்னு பாத்தா இதோட யோக்கியத தெரிஞ்சிரும்."

கருவியை அவருக்கு வைத்தார்கள் போல. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்றுகூட எண்ணி முடிக்கவில்லை, டாக்டரம்மா நிறுத்திவிட்டார். முக்கால் கிலோ. கொஞ்ச நேரம் கழித்து மாமியார் வெளியே வந்து, என்னைத் தாண்டி இரண்டு படி இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாளும் பீடி சுற்றி வளர்ந்தவர்தான் என்பது அதுவரைக்கும் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "டாக்டரம்மாகிட்ட கேளு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரமா எழுதச் சொல்லு. தனித்தனியா வர முடியாது" என்றார்.

அன்று பஸ் ஸ்டாண்டில் மாமியார் பழம் வாங்கப் போனபோது, நானும் உங்கள் அத்தையும் மட்டும் தூணோரம் நின்றோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னைக்கு ஒண்ணேகால்ல பிடிச்சியே. அன்னைக்கு அஞ்சரை வரைக்கும் ஏன்ட்டி இருந்த? மாமியாருக்குப் பயந்தா?"

அவள் சிரித்தாள். அன்று படியில் பார்த்த அதே சிரிப்பு.

"அவங்களுக்கு என்னத்துக்குப் பயப்படுதேன்? நீதான் பக்கத்துல நின்னியே அண்ணே. முள்ளயே பாத்துக்கிட்டு நின்ன. அது ஏற ஏற உன் மூஞ்சி மலந்துகிட்டே போச்சு. ஏறுனாத்தான் மிஷினு நல்லா ஓடுதுன்னு அர்த்தம் போலன்னு நினைச்சேன். ஒண்ணுலயே நிப்பாட்டிட்டா, உன் மிஷினு சரியில்லன்னு டாக்டரம்மா நினைச்சிருவாங்களோன்னு இருந்துச்சு."

வாசுதேவநல்லூர் பஸ் வந்துவிட்டது. மாமியார் முன்னால் ஏறி, ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இரண்டு இடம் பிடித்தார். அத்தை இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். நான் கீழேயே நின்றேன். அவர்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

அத்தைக்குத் தோள் தேறிவிட்டது. இப்போது அவள் உங்களைத் தூக்கிச் சுற்றவில்லை என்றால், அதற்குக் காரணம் நீங்கள் வளர்ந்துவிட்டதுதான். மாமியாருக்கு முழுதாகத் தேறவில்லை. ஆனால் வலித்தால் வலிக்கிறது என்று இப்போது தெருவுக்கே கேட்கச் சொல்லுகிறார். டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அங்கே எண் தானாக ஓடுகிற கருவி இருக்கிறதாம். ஆனாலும் எங்கெங்கோ இருந்து அவர் சொல்லிக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் இன்னும் பிரேக் பிடி போட்ட கருவியைச் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நன்றாகவும் செய்கிறேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. போன வாரம் ஒரு தம்பி வந்து வாங்கிக்கொண்டு, "முதல் நோயாளிக்கு வைக்கும்போது நீங்களும் வந்து பாருங்க அண்ணாச்சி, உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்று கூப்பிட்டார். நான் அவரோடு அவர் வைத்தியம் பார்க்கிற அறை வாசல் வரைக்கும் போனேன். கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.